பழைய தோட்டப் படங்களில் பொருள்களைக் கணினியால் தேடுவது எப்படி?

பழைய_லயம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களிடம் இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, கணினியில் சேர்த்த பழைய புகைப்படங்கள் ஏறத்தாழ 40,000 எங்கள் குழுவிடம் உள்ளன. ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குப் பிரிந்து போய்விட்ட நிலையில், படத்தின் பின்புறம் யாராவது எழுதி வைத்திருந்தால் அதுதான் எங்களுக்குக் கிடைக்கும் ஒரே குறிப்பு. பெரும்பாலானவற்றில் அதுவும் இல்லை. கோப்புகளின் பெயர்களோ ஸ்கேனர் தானாக இட்ட எண்கள். ஆகவே படத்துக்குள் தெரியும் பொருளை வைத்துத் தேடுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

எங்களுக்கு உடனடியாக வேண்டியவை இரண்டு. முதலாவது, பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றில் குடும்பப் படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிட்டிருந்த படுதா. அதில் இடப்புறம் கொடி சுற்றிய தூண் ஒன்றும், வலப்புறம் ஏரிக்கரைக்கு இறங்கும் படிக்கட்டும் வரையப்பட்டிருக்கும். துணியை மடித்து மடித்து வைத்ததில் வண்ணம் உதிர்ந்துபோன கோடு ஒன்று தூணின் நடுவே குறுக்காக ஓடும். இதே படுதாவின் முன் நின்ற குடும்பங்களின் படங்கள் அனைத்தும் ஒருசேரக் கிடைத்தால், தேதி தெரிந்த சில படங்களைக் கொண்டு தேதி தெரியாத பலவற்றின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். இரண்டாவது, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கருவிகளான மங்கு (மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் கிண்ணம்), உளி (பட்டையைச் சீவும் கருவி), காண்டா வாளி (தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் முனைகளில் தொங்கவிட்டுப் பால் சுமக்கும் வாளி) ஆகியவை தெரியும் படங்கள். கைத்தொலைபேசியின் படத்தொகுப்பில் கிண்ணம் என்று தேடினால் தேநீர்க் கோப்பையும் கல்யாணப் பந்தியின் பாயசக் கிண்ணமும் வருகின்றனவே தவிர, மரத்தில் கட்டிய மங்கு வருவதில்லை.

எங்களிடம் இருப்பது 8 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய கணினி ஒன்றுதான். படங்களை இணையத்தில் ஏற்றமாட்டோம் என்று தந்தவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணினிக்_கிராணி எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், கணினிப் பார்வைத் துறையில் அவை தனித்தனிப் பாதையில் வளர்ந்தவை. படுதாவைத் தேடும்போது உங்களுக்கு வேண்டியது அந்த ஒரே படுதா. அதைப் போன்ற இன்னொன்று கிடைத்தால் அது பிழை. மங்கைத் தேடும்போதோ எந்த மரத்தில் கட்டியிருந்தாலும், கண்ணாடியால் செய்திருந்தாலும் மண்ணால் செய்திருந்தாலும், அது மங்காக இருந்தால் போதும். முதல் வேலைக்குப் பொருத்தமான கருவி இரண்டாவதற்கு உதவாது, இரண்டாவதன் கருவி முதலாவதைக் குழப்பிவிடும். இந்தப் பிரிவை மனத்தில் நிறுத்தாமல் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள்தாம் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள்.

படுதாவை முதலில் எடுத்துக்கொள்வோம். டேவிட் லோவ் 1999-இல் அறிமுகப்படுத்தி 2004-இல் விரிவாக வெளியிட்ட சிஃப்ட் என்னும் முறை, படத்தில் தனித்துத் தெரியும் சிறு இடங்களை, அதாவது மூலை, புள்ளி, உதிர்ந்த வண்ணத்தின் விளிம்பு போன்றவற்றைக் கண்டெடுத்து, ஒவ்வொன்றையும் 128 எண்களால் விவரிக்கிறது. படம் பெரிதானாலும் சிறிதானாலும், சற்றுச் சாய்ந்திருந்தாலும், அந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. இவற்றை ஆயிரக்கணக்கான படங்களில் விரைவாகத் தேடும் வழியை 2003-இல் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஜோசப் சிவிக்கும் ஆண்ட்ரூ சிஸர்மனும் காட்டினார்கள். ஒரே மாதிரியான புள்ளிகளைக் கூட்டமாகத் திரட்டி, ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு சொல்லாகக் கொண்டு, எந்தச் சொல் எந்தெந்தப் படத்தில் வருகிறது என்று புத்தகத்தின் பின்பக்கத்துச் சொல்லடைவைப் போலப் பட்டியலிட்டு வைப்பதுதான் அவர்களுடைய வழி. தேடும்போது 40,000 படங்களையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை, அடைவைப் புரட்டினால் போதும்.

அடைவு காட்டும் படங்களில் பொய்யும் கலந்திருக்கும். ஆகவே இரண்டாம் கட்டமாக, பொருந்திய புள்ளிகள் ஒன்றுக்கொன்று முறையான இடத்தில் இருக்கின்றனவா என்று வடிவியல் சோதனை செய்ய வேண்டும். தூணின் உச்சியும் அடியும் பொருந்தியிருந்து, நடுவிலுள்ள உதிர்ந்த கோடு மட்டும் படிக்கட்டின் மேல் போய் விழுந்தால், அது அந்தப் படுதா அன்று. 1981-இல் ஃபிஷ்லரும் போல்ஸும் தந்த ரான்சாக் முறைதான் இன்றும் இதற்குப் பயன்படுகிறது. படுதா தட்டையானது, சித்திரம் நிறைந்தது. மனிதர்கள் நடுவில் நின்று மறைத்தாலும் இரு ஓரங்களும் வெளியே தெரியும். இந்த முறைக்கு இதைவிடத் தோதான பொருள் அமைவது அரிது. தவிர, கையால் வரைந்தது என்பதால், ஓர் ஓவியரே இரண்டு ஸ்டூடியோக்களுக்கு ஒரே காட்சியை வரைந்து கொடுத்திருந்தாலும் கொடியின் இலைகள் அச்சாக அப்படியே அமைந்திருக்கமாட்டா.

ஆக்ஸ்ஃபர்டின் அந்தக் குழு வைஸ் என்ற பெயரில் ஒரு தேடுபொறியை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. போட்லியன் நூலகத்தில் உள்ள பழைய ஆங்கிலத் தெருப்பாட்டுத் தாள்களில் ஒரே மரக்கட்டை அச்சு எந்தெந்தத் தாளில் மறுபடி வந்துள்ளது என்று கண்டுபிடிக்க அது பயன்பட்டது. அச்சுக்கட்டையில் விழுந்த கீறல் எப்படியோ, உங்கள் படுதாவில் விழுந்த மடிப்புக் கோடும் அப்படியே. அது உங்கள் கணினியிலேயே இயங்கும், படம் எதுவும் வெளியே போகாது. சிஃப்டின் காப்புரிமையும் 2020-இல் காலாவதியாகிவிட்டது. மங்கைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், அது நீளும்.

வான்படம் எழுதியது:

நான் எண்ணெய்ப் பனை எனப்படும் செம்பனைத் தோட்டங்களுக்கு டிரோன் படங்களிலிருந்து மரம் எண்ணிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மங்கு விஷயத்தில் என் ஆலோசனை நேரானது: யோலோ போன்ற கண்டறியும் மாடல் ஒன்றை நீங்களே பயிற்றுவியுங்கள். சில நூறு படங்களில் மங்கைச் சுற்றிக் கட்டம் போட்டுக் கொடுத்தால், மீதியை அது பார்த்துக்கொள்ளும். செம்பனையில் இது எவ்வளவு நம்பகமானது என்றால், 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 143 மரங்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கோடு ஒப்பிட்டு, எங்கே மரம் விழுந்திருக்கிறது, எங்கே மறுநடவு செய்ய வேண்டும் என்று மேலதிகாரியிடம் வரைபடமே கொடுத்துவிடலாம். 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது என்பதையும் இடையில் சொல்லிக்கொள்கிறேன். ரப்பரை மட்டும் பேசினால் எங்கள் மரம் கோபித்துக்கொள்ளும்.

கணினிக்_கிராணி எழுதியது:

வான்படம் தம்பி சொல்வது அவருடைய படங்களுக்கு முற்றிலும் பொருந்தும். டிரோன் ஒரே உயரத்தில் பறக்கிறது, மேலிருந்து மட்டுமே பார்க்கிறது, தேடும் பொருள் ஒரே வகை, அளவும் ஏறக்குறைய ஒன்று. இங்கே அந்த வசதி ஒன்றுகூட இல்லை. ஒரு படத்தில் மங்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், இன்னொன்றில் வேலையை மேற்பார்க்கும் தண்டலின் தோளுக்குப் பின்னால் பத்தாவது மரத்தில் வெள்ளைப் புள்ளியாக இருக்கும், மற்றொன்றில் லயத்து வாசலில் கவிழ்த்து அடுக்கியிருக்கும். அதைவிட முக்கியமான இடைஞ்சல், கட்டம் போட்டுப் பழக்குவதற்கு மங்கு உள்ள சில நூறு படங்கள் வேண்டும் என்றால், அவற்றை முதலில் 40,000-க்குள் தேடிப் பிடிக்க வேண்டும். தேடுவதற்கே வழி கேட்கும் இடத்தில் இது எப்படிக் கைகூடும்?

ஆயத்தமாகக் கிடைக்கும் மாடல்களும் இதில் கைகொடுப்பதில்லை. அவற்றில் பல, 2014-இல் வெளியான கோகோ என்ற படத்தொகுதியின் 80 வகைப் பொருள்களில் பயிற்சி பெற்றவை. அந்த 80-இல் பனிச்சறுக்குக் கட்டை உண்டு, அலைச்சறுக்குப் பலகை உண்டு, பீட்சாவும் டோனட்டும் உண்டு. மங்கும் உளியும் காண்டாவும் இல்லை. படங்களைத் திரட்டியவர்கள் வாழ்ந்த உலகம் அது, அவ்வளவுதான்.

2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் மாடல் இந்த நிலையை மாற்றியது. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் பட-வாசக இணைகளில் பயிற்சி பெற்ற அது, ஒவ்வொரு படத்தையும் ஓர் எண்வரிசையாக மாற்றுகிறது. பொருளால் நெருங்கிய படங்களின் எண்வரிசைகளும் நெருங்கி அமையும். வாசகம் கொடுத்தும் தேடலாம், ஒரு படத்துண்டைக் கொடுத்து இதைப் போன்றவை எவை என்றும் கேட்கலாம். மங்குக்கு இரண்டாவதே சிறந்தது, ஏனென்றால் உங்கள் தொகுப்பிலிருந்தே வெட்டிய துண்டில் அக்காலத்து மங்கும், அக்காலத்துக் கருப்பு வெள்ளையும், உங்கள் ஸ்கேனரின் தன்மையும் சேர்ந்தே இருக்கும்.

இருந்தாலும் முழுப் படத்தை அப்படியே கொடுத்தால் மங்கு கிடைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்கேன்கள் 4,000-க்கு 3,000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கிளிப்பின் அடிப்படை வடிவம் எந்தப் படத்தையும் 224-க்கு 224 பிக்சலாகச் சுருக்கி, அதை 32 பிக்சல் பக்கமுள்ள 49 சதுரங்களாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. மூலப் படத்தில் 60 பிக்சல் அகலமுள்ள மங்கு, சுருங்கிய படத்தில் மூன்று பிக்சலுக்குச் சற்று மேல். அது அங்கே மங்கும் இல்லை, கோப்பையும் இல்லை, வெறும் மாசு. ஆகவே படத்தை 500 பிக்சல் பக்கமுள்ள துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும்படி வெட்ட வேண்டும். பாதி ஏறாவிட்டால் வெட்டுக்கோட்டில் மாட்டிய மங்கு இரண்டு துண்டுகளிலும் அரைகுறையாகிவிடும். இப்போது அதே மங்கு ஏறத்தாழ 27 பிக்சலாகத் தெரியும், அது போதும்.

இதற்கு விலை உண்டு. குறுக்கே 15, நெடுக்கே 11 என ஒரு படத்துக்கு 165 துண்டுகள். 40,000 படங்களுக்கு 66 லட்சம். ஒவ்வொரு துண்டுக்கும் 512 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தம் 13.5 ஜிபி ஆகும், உங்கள் அட்டையின் நினைவகத்தில் அடங்காது. 2011-இல் எர்வே ஜெகூவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சுருக்கும் முறையில் ஒவ்வொரு எண்வரிசையையும் 64 பைட்டாகக் குறுக்கினால் 420 எம்பி அளவில் முடிந்துவிடும். ஃபேஸ்புக் 2017-இல் இலவசமாக வெளியிட்ட ஃபைஸ் என்ற நிரல் நூலகத்தில் இது ஆயத்தமாக இருக்கிறது. நெருக்கம் சற்றுத் தோராயமாகும் என்பது உண்மைதான். அதனால் சுருக்கிய அடைவில் முதல் சில ஆயிரம் துண்டுகளை எடுத்து, அவற்றை மட்டும் முழு எண்வரிசையோடு மறுபடி ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது வழக்கம்.

பிறகுதான் தம்பி சொன்ன பயிற்சிக்கு இடம் வருகிறது. கிடைத்த துண்டுகளில் ஆம், இல்லை என்று மனிதர் குறித்துத் தந்தவற்றைக் கொண்டு, அந்த எண்வரிசைகளின் மேல் எளிய நேர்கோட்டு வகைப்படுத்தி ஒன்றைப் பயிற்றுவித்தால், நொடிகளில் முடிந்துவிடும். அதை வைத்து மறுபடி தேடலாம், மறுபடி குறிக்கலாம். இல்லை என்று குறிப்பதுதான் இதில் அதிகப் பயன் தரும். சில சுற்றுகளுக்குப் பிறகும் போதாமல் இருந்தால் யோலோவுக்குப் போகலாம், அதற்குள் பயிற்சிப் படங்களும் சேர்ந்திருக்கும்.

மீன்முள்_வெட்டு எழுதியது:

நான் தோட்டத்தில் வெளிக்காட்டு மேற்பார்வையில் இருந்து ஓய்வு பெற்றவன். கணினி எனக்குத் தூரம். ஆனால் இந்த உரையாடலில் மங்கையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். மரத்தின் மேல் இருக்கும் வெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. படத்தின் காலத்தை மங்கைவிட வெட்டுதான் அதிகம் பேசும்.

தொடக்ககாலத் தோட்டங்களில் மீன்முள் வெட்டு மிகுதியாக இருந்தது. நடுவே நேராக ஒரு வாய்க்கால் கீறி, இருபுறத்திலிருந்தும் சாய்ந்த வெட்டுகள் அதில் வந்து சேரும். அரை மீன்முள் என்றால் ஒரு பக்கம் மட்டும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக 1888 முதல் 1912 வரை இருந்த ரிட்லியின் காலத்தில் பரவிய முறை அது. பட்டையை அதிகம் தின்றதால் பிற்பாடு கைவிடப்பட்டு, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஒரே சாய்வெட்டு என்பது நிலைத்தது. மீன்முள் வெட்டுள்ள படம் கிடைத்தால் அது பழைய படம் என்று பெரும்பாலும் துணியலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஒற்றைச் சாய்வெட்டு எப்போதும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்துதான் இருக்கும், சாய்வு ஏறத்தாழ 30 பாகை. மரத்தை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான். பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல், கீழ் இடப்புறத்திலிருந்து மேல் வலப்புறமாகச் சில பாகை சாய்ந்திருக்கின்றன. வெட்டு அவற்றுக்கு எதிராகச் சாய்ந்தால் அதிகக் குழாய்கள் திறக்கும், பாலும் கூடும். மாற்றி வெட்டியவனைத் தண்டல் சும்மா விட்டதில்லை. ஆகவே உங்கள் படம் ஒன்றில் வெட்டு வலப்புறம் உயர்ந்து தெரிந்தால், அது வெட்டியவர் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. நெகடிவை முன்பின் புரட்டி வைத்து ஸ்கேன் செய்து, படம் இடவலம் மாறிவிட்டது என்றே நான் சொல்வேன்.

கணினிக்_கிராணி எழுதியது:

ஐயா, இந்த ஒரு செய்தி எங்கள் திட்டத்தில் பாதியைத் திருத்தி எழுத வைக்கிறது.

முதலில் படுதா. சிஃப்ட் சுழற்சியைத் தாங்கும், அளவு மாற்றத்தைத் தாங்கும், இடவல மாற்றத்தைத் தாங்காது. நெகடிவ் மாறி ஸ்கேன் ஆன படத்தில் தூண் வலப்புறம் போய்விடும். கொடியின் சுருளும் எதிர்த்திசையில் திரும்பிவிடும். அதே படுதாவாக இருந்தும் அடைவு அதை வெளியே காட்டாது. ஆகவே பழைய_லயம் ஐயா தேடும் படுதாத் துண்டை ஒரு முறை உள்ளபடியும், ஒரு முறை கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியும் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுத்ததற்குக் கிடைக்கும் விடைகள் எல்லாம் மாறிப்போன ஸ்கேன்களின் பட்டியலாகவும் அமையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அடுத்து மங்குத் தேடல். கிளிப் இடவல மாற்றத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. மங்கைக் கண்டுபிடிக்க அது நன்மை. வெட்டின் திசையை அறிய அதே குணம் தடை. சாய்வெட்டைக் கண்டுபிடிப்பதை மட்டும் கிளிப்பிடம் விட்டு, திசையை வேறு வழியில் அளப்பதுதான் சரி. கண்டெடுத்த துண்டில் மரத்தின் தண்டைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதன் மேல் ஓடும் நீண்ட விளிம்புக் கோட்டின் சாய்வைக் கணக்கிட்டாலே விடை கிடைக்கும். இதற்கு நரம்பணி வலையமைப்பெல்லாம் தேவையில்லை.

வான்படம் எழுதியது:

இதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டறியும் மாடலைப் பயிற்றுவிக்கும் நிரல்கள் பலவற்றில், படங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதற்காகப் பாதிப் படங்களை இடவலம் திருப்பிக் காட்டும் வழக்கம் தானாகவே இயங்கும். செம்பனைக்கு அது வரம், மேலிருந்து பார்த்தால் மட்டைக்கு இடமும் இல்லை வலமும் இல்லை. நீங்கள் வெட்டின் திசையை மாடலுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பினால் அந்த அமைப்பை முதலில் பூச்சியமாக்குங்கள். இல்லையென்றால் சரியான வெட்டும் மாறிய வெட்டும் ஒன்றுதான் என்று நீங்களே அதற்குப் பாடம் நடத்தியதாகிவிடும்.

கரும்பலகை எழுதியது:

தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் இரண்டு விஷயங்கள் கேட்க விரும்புகிறேன். இவ்வளவு திறமான கருவிகள் கையில் இருக்கும்போது, அடுத்த படியாக யாராவது முகத்தை வைத்தும் தேடலாமே என்று சொல்லப் போகிறார்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கே பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். தன்னார்வக் குழுவைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் போகலாம். ஆனாலும் அந்தப் படங்களில் இருப்பவர்களின் பிள்ளைகள் இதே ஊரில், இதே சந்தையில், இதே கோவில் வரிசையில் நிற்கிறார்கள். கள்ளுக்கடை வாசலில் நிற்கும் ஒருவரின் முகத்தைக் கொண்டு அவருடைய திருமணப் படத்தை எடுத்துக் காட்ட வேண்டிய அவசியம் நமக்கு என்ன இருக்கிறது? படுதா, மங்கு, வெட்டு என்று பொருளோடு நின்றுகொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். முகத்தைச் சொல்ல வேண்டுமானால் அதைக் குடும்பத்தார் சொல்லட்டும்.

இரண்டாவது, கணினி காட்டியதைச் சரிபார்க்க நம்மால் முடியும். காட்டாமல் விட்டதை எப்படி அறிவது? 40,000 படங்களையும் யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால்தானே கணினியிடம் போகிறோம்?

கணினிக்_கிராணி எழுதியது:

டீச்சர், முகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முகத்தைத் தேடும் பகுதியை நிறுவாமலே இருந்துவிடலாம்.

விடுபட்டதை அளக்க வழி உண்டு, அதைப் பலரும் செய்யாமல் விடுகிறார்கள். தேடலைத் தொடங்குவதற்கு முன்பே தொகுப்பிலிருந்து குருட்டாம்போக்கில் 1,000 படங்களை எடுத்து, உங்கள் மாணவர்களை வைத்து, மங்கு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துக் குறித்துவிடுங்கள். உதாரணத்துக்கு அவற்றில் 60 படங்களில் மங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு கணினி தன் தேடலில் அந்த 60-இல் 45-ஐக் கண்டுபிடித்தால், மொத்தத் தொகுப்பிலும் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் அது பிடிக்கிறது என்று கொள்ளலாம். கணினி காட்டியதில் எத்தனை சரி என்பது ஒரு கணக்கு, இருப்பதில் எத்தனையைக் காட்டியது என்பது வேறு கணக்கு; விளம்பரங்களில் முதலாவதை மட்டும் சொல்வார்கள். ஒரு நிபந்தனை, அந்த 1,000 படங்களைப் பயிற்சிக்குத் தொடவே கூடாது.

உங்கள் தேவையில் தவறாகச் சில வந்தாலும் பரவாயில்லை, விடுபடக்கூடாது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். ஆகவே ஏற்புக்கான வரம்பைத் தாழ்த்தி வைத்து, வருவதை மனிதர் கழித்துக்கட்டுவதே உகந்தது. ஆவணக் காப்பகத்துக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் இது. கடையில் முதல் பத்து சரியாக வந்தால் போதும்.

பழைய_லயம் எழுதியது:

படுதாத் தேடலை வைஸ் கொண்டு ஓட்டிப் பார்த்தோம். தூணின் உதிர்ந்த கோட்டையும் கொடியையும் சேர்த்து வெட்டிக் கொடுத்ததற்கு, நாங்கள் அறிந்திராத குடும்பங்களின் படங்கள் நிறைய வந்தன. ஒன்றில் நான்கு பேர் அகலமாக நின்று தூணை முழுவதும் மறைத்திருந்தும், வலது ஓரத்துப் படிக்கட்டைத் தனியே கொடுத்தபோது அதுவும் வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்த தேடலிலும் சில கிடைத்தன. அவற்றில் கோட்டுப் பையும் கைக்குட்டையும் அணிந்தவரின் வலது மார்பில் தெரிவதை வைத்தே மாறிய ஸ்கேன் என்று சொல்லிவிட முடிகிறது.

ஆனால் இரண்டு தொல்லைகள். படுதாவே இல்லாத, தொடர்பற்ற படங்கள் பலவற்றை அது உறுதியாகப் பொருந்துகின்றன என்று காட்டுகிறது. பொருந்திய புள்ளிகளைப் பார்த்தால் எல்லாம் படத்தின் கீழ் ஓரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. அடுத்து, ரப்பர் நிரைகளின் படம் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தால், நிரை உள்ள எல்லாப் படங்களும் ஒன்றுக்கொன்று ஒரே இடம் என்கிறது.

கணினிக்_கிராணி எழுதியது:

முதல் தொல்லைக்குக் காரணம் உங்கள் ஸ்கேனரின் கண்ணாடி. அதிலுள்ள கீறலோ ஒட்டிய பசையோ எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பதிந்திருக்கும். கணினியைப் பொறுத்தவரை அதுவும் எல்லாப் படத்திலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருள்தான். அது பொய் சொல்லவில்லை, நாம் கேட்காததைச் சொல்கிறது. இரண்டு படங்களில் பொருந்தும் புள்ளிகள் அணுவளவும் நகராமல் அதே இடத்தில் இருந்தால் அவற்றைத் தள்ளிவிடச் சிறு நிரல் எழுதித் தருகிறேன். ஆல்பத்தின் மூலைக்காகிதமும் ஸ்டூடியோவின் புடைப்பு முத்திரையும் இதே வேலையைச் செய்யும். ஓரத்தை வெட்டிவிட்டு அடைவு தயாரியுங்கள். முத்திரையை மட்டும் எறிந்துவிடாமல் தனியாகத் தேடுங்கள், படுதாவைவிட அது உறுதியான சாட்சி.

நிரைப் படங்களில் நடப்பது வேறு. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி இடைவெளி, ஒரே மாதிரி மங்கு என்று ஒரே சொல் நூறு முறை வந்தால், அந்தச் சொல்லின் கனம் மற்றெல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. ஒரு படத்துக்குள் எத்தனை முறை வந்தாலும் ஒரு சொல்லின் எடையைக் குறைத்துக் கணக்கிடும் வழி இருக்கிறது, அதை இயக்கிவிடலாம். அப்படியும் லயத்து வீடுகளின் வரிசையும் மர நிரையும் இந்த முறைக்கு என்றைக்கும் சிக்கல்தான். எந்தத் தோட்டம் என்று நிரையை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பின்னணியில் குன்றோ, தண்ணீர்த் தொட்டியோ, கோவில் கோபுரமோ தெரிந்தால் அதை வெட்டித் தேடுங்கள்.

கரும்பலகை எழுதியது:

மாறிய ஸ்கேன்களை உடனே திருப்பிச் சேமித்துவிடலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

கணினிக்_கிராணி எழுதியது:

மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். எந்தப் படம், எந்தப் பொருள், கட்டத்தின் நான்கு எண்கள், கணினி தந்த மதிப்பெண், பார்த்து உறுதி செய்தவர், இடவலம் மாறியதா என்று தனி அட்டவணையில் வரிசை வரிசையாக எழுதுங்கள். படத்தைத் திருப்பிச் சேமித்தால் அதுவரை குறித்த கட்டங்கள் எல்லாம் இடம் மாறிப் போகும். மாறியதா என்ற இடத்தில் ஆம், இல்லை என்பவற்றோடு தெரியவில்லை என்பதையும் அனுமதியுங்கள், ஏனென்றால் இருபுறமும் சமமான முழு மீன்முள் வெட்டைத் திருப்பினாலும் அது அப்படியேதான் தெரியும்.

மீன்முள்_வெட்டு எழுதியது:

மங்குத் தேடலின் முதல் சுற்றில் வந்த துண்டுகளைப் பேரன் கணினியில் பெரிதாக்கிக் காட்டினான். மங்கு என்று வந்தவற்றில் கணிசமானவை மங்கு அல்ல. வெட்டுப்பட்ட மரத்தில் பட்டை மீண்டும் வளரும்போது உண்டாகும் உருண்டையான கணுக்கள், வெயில் பட்டால் வெள்ளையாக மின்னும். அவற்றை நான் இல்லை என்று குறித்துவிட்டேன். தேங்காய்ச் சிரட்டையை மங்காகக் கட்டிய சில மரங்களைக் கணினி கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருந்தது. அவற்றை ஆம் என்று குறித்திருக்கிறேன், சிறுதோட்டக்காரர்கள் சிரட்டையைத்தான் கட்டினார்கள். அடுத்த சுற்றில் சிரட்டையைத் தனி வகையாக வைத்துத் தேடச் சொல்லுங்கள். வாளியைச் சுமந்து போகும் படங்களில் காண்டாக் கம்பின் இரு முனையும் படத்துக்குள் இருப்பவை குறைவு, ஒரு முனையும் ஒரு வாளியும் மட்டும் தெரிந்தாலும் அதைக் காண்டா என்றே கொள்ள வேண்டும்.